அரசுச் செலவு விவாதங்களில் மிதவாதிகளால் உண்மையில் என்ன பயன்?

நிதிமாணவன் (கேள்வி)

அமெரிக்க அரசின் வரவு செலவு பற்றிய விவாதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இரு கட்சிகளிலும் உறுதியான நிலைப்பாடு எடுப்பவர்களை என்னால் எளிதில் புரிந்துகொள்ள முடிகிறது. வரியைக் குறைக்க வேண்டும், அரசின் பணிகள் சுருங்க வேண்டும் என்பவருக்கு ஒரு கொள்கை இருக்கிறது. மருத்துவம், கல்வி, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும் என்பவருக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. ஏற்பதோ மறுப்பதோ நம் விருப்பம், ஆனால் எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்பது தெரிகிறது. நடுவில் நிற்கும் மிதவாதிகளிடம்தான் எனக்கு இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2021-இல் ஜனநாயகக் கட்சியினர் 3.5 லட்சம் கோடி டாலர் அளவில் ஒரு பெரிய சமூகநலத் திட்டத்தை முன்வைத்தார்கள். செனட்டில் இரு தரப்புக்கும் ஐம்பது ஐம்பது இடங்கள். துணை அதிபரின் வாக்கையும் சேர்த்தால்தான் அவர்களுக்குப் பெரும்பான்மை. அதனால் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா ஆகிய இரண்டு மிதவாத உறுப்பினர்கள் சம்மதிக்காமல் எதுவும் நகரவில்லை. அக்டோபர் இறுதியில் வெள்ளை மாளிகை வெளியிட்ட திருத்திய வரைவின் மதிப்பு 1.75 லட்சம் கோடி டாலர், அதாவது சரியாகப் பாதி. டிசம்பரில் அதையும் ஏற்க முடியாது என்று மான்சின் அறிவித்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். ஒருவர் 100 கேட்கிறார், மற்றவர் 0 என்கிறார், மிதவாதி 50 என்கிறார் என்றால், அந்த 50-க்கு என்ன நியாயம்? வாக்குகள் நெருக்கமாக இருப்பதால் அவர்களுக்குக் கிடைக்கும் பேரம் பேசும் வலிமையைத் தவிர, செலவு பற்றிய விவாதத்துக்கு அவர்கள் தரும் பங்களிப்பு என்று ஏதேனும் உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழையகணக்கன்

நல்ல கேள்வி. மிதவாதத்தின் பயனை ஒரு தனிப் பேரத்தில் தேடினால் அது கண்ணுக்குத் தெரியாது என்பது என் கருத்து. பத்தாண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும்.

1988 தேர்தலில் புதிய வரி எதுவும் வராது என்று ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் வாக்குறுதி கொடுத்தார். ஆட்சிக்கு வந்த பிறகு பற்றாக்குறை பெருகிக்கொண்டே போனது. 1990-இல் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் இரு கட்சித் தலைவர்களும் வாரக்கணக்கில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அக்டோபர் 5 அன்று அது பிரதிநிதிகள் சபையில் 179-க்கு 254 என்ற கணக்கில் தோற்றது. தோற்கடித்தவர்கள் யார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்: வரி உயர்வை வெறுத்த குடியரசுக் கட்சியினரும் செலவு வெட்டை வெறுத்த ஜனநாயகக் கட்சியினரும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். பின்னர் திருத்தப்பட்ட வடிவம் நிறைவேறி, நவம்பர் 5 அன்று சட்டமானது. உயர்ந்தபட்ச வருமான வரி விகிதம் 28 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாயிற்று.

அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வரி விகிதம் அல்ல, அதனுடன் வந்த இரண்டு விதிகள். ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் செலவுகளுக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பேகோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மற்றொரு விதியின்படி, தகுதியுள்ள எவருக்கும் சட்டப்படி பணம் தர வேண்டிய நிரந்தர உரிமைத் திட்டம் ஒன்றை விரிவாக்கினாலும் சரி, வரியைக் குறைத்தாலும் சரி, அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் வழியையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். இந்த விதி எந்தக் கட்சியின் கனவையும் தடை செய்யவில்லை. கனவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்டது. இரு துருவத்தினரும் விரும்பாத விதி இது என்பதால்தான் நடுவில் இருந்தவர்கள் இல்லாமல் அது பிறந்திருக்காது.

மூன்று ஆண்டுகள் கழித்து அதிபர் கிளிண்டனின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 218-216 என்ற கணக்கில் நிறைவேறியது. வாக்கெடுப்பின் கடைசி நிமிடங்களில் வந்து அதைக் காப்பாற்றியவர்களில் ஒருவர், பென்சில்வேனியாவின் மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி. குடியரசுக் கட்சியினர் நிறைந்த தொகுதியில் மயிரிழையில் வென்று முதன்முறையாகச் சபைக்கு வந்தவர் அவர். அதிபர் தொலைபேசியில் அழைத்துப் பேசியபோது, உரிமைத் திட்டங்களின் செலவு பற்றி ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய தொகுதியிலேயே அது நடந்தது. அவர் ஆதரவாக வாக்களித்தபோது எதிர்வரிசையினர் கேலியாகக் கையசைத்து அவருக்கு விடைகொடுத்தார்கள். 1994 தேர்தலில் அவர் தோற்றார்.

1992-இல் ஏறத்தாழ 29,000 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, 1998-இல் உபரியாக மாறியது. 1969-க்குப் பிறகு அதுதான் முதல் உபரி. 2000-ஆம் நிதியாண்டில் அது சுமார் 23,600 கோடி டாலரைத் தொட்டது. பனிப்போர் முடிந்து பாதுகாப்புச் செலவு குறைந்ததும், அந்தப் பத்தாண்டின் பொருளாதார வளர்ச்சியும் இதற்குப் பெருமளவு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வளர்ச்சியால் வந்த கூடுதல் வருவாய் உடனுக்குடன் புதிய செலவாகவோ வரிக் குறைப்பாகவோ கரைந்துவிடாமல் பார்த்துக்கொண்டது 1990-இன் விதிகள்தான். அவை 2002-இல் காலாவதியாயின. பற்றாக்குறை திரும்பி வந்தது.

நடுவில் ஆளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. 2011-இல் அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை உயர்த்துவது பற்றிய மோதலுக்குப் பிறகு, பத்தாண்டுகளில் குறைந்தது 1.2 லட்சம் கோடி டாலர் மிச்சப்படுத்தும் திட்டத்தைத் தயாரிக்குமாறு பன்னிரண்டு உறுப்பினர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இரு கட்சிகளுக்கும் ஆறு ஆறு பேர். அவர்கள் தவறினால் தானாகவே வெட்டு விழும். அந்த வெட்டு இரு தரப்புக்கும் வலிக்கும்படி வேண்டுமென்றே கண்மூடித்தனமாக அமைக்கப்பட்டிருந்தது. குழு தோற்றது, 2013 மார்ச்சில் வெட்டு விழுந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டு விமானங்கள் தாமதமானவுடன், சில நாட்களிலேயே காங்கிரஸ் சட்டம் இயற்றி அதைச் சரிசெய்தது. ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டத்தில் பறிபோன ஏறத்தாழ 57,000 இடங்களுக்கு அத்தகைய அவசரம் காட்டப்படவில்லை. எது தேவை, எது தேவையில்லை என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் வேலையை யாரும் செய்யாதபோது, குரல் வலுத்தவருக்கு மட்டும் விலக்கு கிடைக்கிறது. அந்தப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குத்தான் மிதவாதிகள் தேவைப்படுகிறார்கள்.

எதிர்க்கேள்வி

பழையகணக்கன் அவர்களின் வரலாறு சரியானது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த இரண்டு நிகழ்வுகளும் பற்றாக்குறையைக் குறைத்தவை. பொருளாதாரம் சரிந்து கிடக்கும்போது மிதவாதம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2009 பிப்ரவரியில் ஊக்க நிதிச் சட்டம் செனட்டில் நிறைவேற 60 வாக்குகள் தேவைப்பட்டன. சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, ஆர்லன் ஸ்பெக்டர் ஆகிய மூன்று குடியரசுக் கட்சி உறுப்பினர்கள்தான் ஆதரவளிக்க முன்வந்தார்கள். காலின்ஸும் ஜனநாயகக் கட்சியின் பென் நெல்சனும் முன்னின்று நடத்திய பேச்சில் மாநில அரசுகளுக்கான நிதியுதவியும் பள்ளிக் கட்டடங்களுக்கான பணமும் கடுமையாக வெட்டப்பட்டன. இறுதியில் சட்டமான மதிப்பு 78,700 கோடி டாலர். அந்த எண் எந்தப் பொருளாதாரக் கணக்கிலிருந்தும் வரவில்லை. 80,000 கோடிக்குக் கீழே இருந்தால் நிதானமாகத் தெரியும் என்பதற்காக வந்தது என்பதே என் புரிதல். அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. வருவாய் வீழ்ந்த மாநிலங்கள் அதன் பிறகும் ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தன. தேவை பெரிதாக இருக்கும்போது அதில் பாதியைச் செய்வதை நிதானம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அது நோயை நீட்டிக்கிற மருந்தளவு.

நிதிமாணவன் குறிப்பிட்ட 2021 நிகழ்வில் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அந்த ஆண்டு குழந்தைகளுக்கான வரிச் சலுகை 2,000 டாலரிலிருந்து 3,000 டாலராகவும், ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 3,600 டாலராகவும் உயர்த்தப்பட்டது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத குடும்பங்களுக்கும் முழுத் தொகை கிடைத்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் அதன் ஒரு பகுதி பெற்றோரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மான்சின் மறுத்ததால் அது நீட்டிக்கப்படவில்லை. அரசு உதவிகளையும் கணக்கில் சேர்க்கும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் துணை வறுமை அளவீட்டின்படி 2021-இல் 5.2 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை, 2022-இல் 12.4 சதவீதமாயிற்று. ஒரே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல். மிதவாதத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

இதே மிதவாதிகள் வரிக் குறைப்பு வரும்போது இந்தக் கண்டிப்பைக் காட்டுவதில்லை. 2017-இல் பத்தாண்டுகளுக்கு சுமார் 1.5 லட்சம் கோடி டாலர் வருவாய் இழக்கும் வரிச் சட்டத்துக்குக் காலின்ஸ் ஆதரவளித்தார். அதற்கு ஈடாக மருத்துவக் காப்பீட்டுச் சந்தையை நிலைப்படுத்தும் சட்டங்கள் வரும் என்று அவருக்கு வாக்குறுதி தரப்பட்டது. அவை வரவே இல்லை. பற்றாக்குறையைக் காரணம் காட்டி முதலில் எதிர்த்து வாக்களித்த டென்னசியின் பாப் கார்க்கர், இறுதி வாக்கெடுப்பில் ஆதரவுக்கு மாறினார். ஏழைக்குச் செலவிடும்போது கணக்குக் கேட்டு, பணக்காரருக்கு வரி குறைக்கும்போது கணக்குக் கேட்காவிட்டால், அதை எப்படி நடுநிலை என்று சொல்வது?

நிதிமாணவன்

இருவருக்கும் நன்றி. இரண்டு பதில்களையும் சேர்த்துப் படிக்கும்போது என் குழப்பம் வேறொரு இடத்துக்கு நகர்கிறது. 1990-இல் உச்சவரம்பை ஏற்றவரும் மிதவாதி. 2009-இல் பள்ளிக் கட்டட நிதியை வெட்டியவரும் மிதவாதி. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது சரியா? எந்த மிதவாதத்துக்கு மதிப்புக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமலிருப்பது என்று ஒரு வாசகன் எப்படி அடையாளம் காண்பது?

இடைவரி

இந்த இழையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் அரசியல் கோட்டில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வைத்து அவருடைய பயனை அளக்க முடியாது. இதற்கு 2010 டிசம்பரில் நடந்த ஒரு வாக்கெடுப்பு நல்ல சான்று.

நாட்டின் கடன் சுமையைக் குறைக்கும் வழிகளை ஆராய அதிபர் ஒபாமா ஆலன் சிம்ப்சன், எர்ஸ்கின் போல்ஸ் ஆகியோர் தலைமையில் பதினெட்டுப் பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தார். பதினான்கு பேர் ஒப்புக்கொண்டால்தான் அறிக்கை காங்கிரஸின் முறையான பரிசீலனைக்குப் போகும் என்பது ஏற்பாடு. பதினொருவர் ஒப்புக்கொண்டார்கள், எழுவர் மறுத்தார்கள். ஒப்புக்கொண்டவர்களில் செனட்டின் மிகக் கடுமையான செலவுக் குறைப்பாளர்களில் ஒருவரான, குடியரசுக் கட்சியின் டாம் கோபர்ன் (ஓக்லஹோமா) இருந்தார். ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிப் பக்கம் நின்ற இல்லினாயின் டிக் டர்பினும் இருந்தார். மறுத்தவர்களில் வரி உயர்வை எதிர்த்த குடியரசுக் கட்சியின் பால் ரயன் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் மிதவாதி என்று எல்லாராலும் வகைப்படுத்தப்பட்ட மொன்டானாவின் மாக்ஸ் பாக்கஸும் மறுத்தார். தம்முடைய மாநிலம் போன்ற ஊரகப் பகுதிகளை அந்தத் திட்டம் பாதிக்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்தப் பட்டியலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கோபர்னுக்கு வரி உயர்வு கசப்பு, டர்பினுக்கு ஓய்வூதிய மாற்றங்கள் கசப்பு. இருவரும் தங்கள் கொள்கையைக் கைவிடவில்லை. கடன் வளர்ந்துகொண்டே போவது தங்கள் கொள்கைக்கே ஆபத்து என்று கணக்கைப் பார்த்து முடிவு செய்தார்கள். நிதிமாணவன் தேடும் பங்களிப்பு இதுதான், அது நடுவில் நிற்பவரிடமிருந்து மட்டும்தான் வர வேண்டும் என்பதில்லை. பெயரளவில் மிதவாதியாக இருப்பவர் தம் தொகுதிக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு மேல் எதையும் கேட்காமலிருக்கவும் கூடும்.

அண்மைக்கால நிகழ்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 1 அன்று, 2017-இன் வரிக் குறைப்புகளை நிரந்தரமாக்கி ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் செலவை வெட்டும் பெரிய சட்டமுன்வடிவு செனட்டில் 51-50 என்று துணை அதிபரின் வாக்கால் நிறைவேறியது. பத்தாண்டுகளில் அது பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணித்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வட கரோலினாவின் தாம் டில்லிஸ் தம் மாநிலத்தின் மெடிக்கெய்ட் இழப்பு எவ்வளவு என்ற மதிப்பீடுகளை முன்வைத்து எதிர்த்தார். அதிபரின் கோபத்துக்கு ஆளாகி, மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். அதே கட்சியின் அலாஸ்கா உறுப்பினர் லிசா மர்கோவ்ஸ்கியோ, தம் மாநிலத்துக்கான சில தனி ஏற்பாடுகளைப் பெற்றுக்கொண்டு ஆதரவளித்தார். சட்டமுன்வடிவில் தமக்கு மனநிறைவு இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். அலாஸ்கா மக்களுக்கு அவர் நன்மையே செய்திருக்கலாம், அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுவதுக்குமான செலவு விவாதத்தில் அந்த வாக்கால் எந்தக் கணக்கும் திருந்தவில்லை. டில்லிஸ் தோற்றாலும், அவர் வைத்த எண்கள் விவாதத்தில் தங்கின.

ஆகவே நான் பார்ப்பது இதை: மிதவாதி ஒருவர் ஒரு செலவை எதிர்க்கும்போது, குறிப்பிட்ட எந்தப் பகுதி, ஏன், அதற்குப் பதில் என்ன என்று சொல்கிறாரா, அல்லது மொத்தத் தொகை பெரிது என்று மட்டும் சொல்கிறாரா? ஸ்பெக்டர் 2009-இல் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனங்களுக்கு 1,000 கோடி டாலர் சேர்க்கச் சொன்னார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை எவரும் வாதிட்டுப் பார்க்க முடியும். 80,000 கோடிக்குக் கீழே என்ற எல்லைக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த இடத்தில் எதிர்க்கேள்வி சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

பழையகணக்கன்

இடைவரி தரும் அளவுகோலை ஏற்கிறேன். அதே அளவுகோலால் மான்சினையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எதிர்க்கேள்வியிடம் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய ஆட்சேபங்களில் ஒன்று தொகையைப் பற்றியது அல்ல. அந்தச் சட்டமுன்வடிவில் பல திட்டங்களுக்கு ஓராண்டு, மூன்றாண்டு என்று மட்டும் நிதி ஒதுக்கி, வருவாயை மட்டும் பத்தாண்டுக்குக் கணக்கிட்டிருந்தார்கள். குழந்தைச் சலுகையே அதில் ஓராண்டுக்குத்தான் இருந்தது. பத்தாண்டும் நடத்த விரும்பும் திட்டத்துக்குப் பத்தாண்டுச் செலவையும் காட்டுங்கள் என்று அவர் கேட்டது நேர்மையான கோரிக்கை. 2022 ஜூலையில் அவர் ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்த வகையில் அமைந்தது: பெருநிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மருந்து விலைப் பேச்சுவார்த்தை ஆகிய வருவாய் வழிகளுடன் வந்து, பற்றாக்குறையைக் குறைப்பதாகவே மதிப்பிடப்பட்டது.

ஆனால் குழந்தைச் சலுகையைப் பத்தாண்டுக்கும் நிதியுடன் நிறைவேற்ற ஒரு வழியை அவர் முன்வைக்கவில்லை என்பதும் உண்மை. வேலைக்குச் செல்லும் நிபந்தனையை வற்புறுத்தினார், மிகவும் ஏழைக் குழந்தைகளை அது வெளியே தள்ளிவிடும் என்று தெரிந்தும். அந்த இடத்தில் அவரைக் காக்க எனக்கு வாதம் இல்லை.

எதிர்க்கேள்வி

திட்டங்களின் ஆயுளைச் சுருக்கிச் செலவைக் குறைத்துக் காட்டியது தவறு என்பதை நானும் ஏற்கிறேன். 2017-இல் தனிநபர் வரிக் குறைப்புகளை 2025 இறுதியில் காலாவதியாகும்படி எழுதி மொத்த இழப்பைச் சிறிதாகக் காட்டியதும் இதே வழிதான். 2025-இல் அவற்றை நீட்டித்தபோது, ஏற்கெனவே நடப்பில் இருப்பவைதானே, எனவே புதிய செலவு இல்லை என்ற கணக்குமுறையைச் செனட் தலைமை பயன்படுத்திக்கொண்டது. மான்சின் 2021-இல் எழுப்பிய அதே கேள்வியை அந்த நாளில் மிதவாதிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து எழுப்பி, பதில் வரும்வரை வாக்கைத் தராமல் இருந்திருந்தால், அவர்களைப் பற்றிய என் கருத்து வேறாக இருந்திருக்கும்.